துணைக்கும் சலுகை உண்டு

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே காற்று. ஸ்டேஷன் பெஞ்சு முழுக்கக் கரிசல் புழுதி. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கு மாதாந்திர நடை. பொதுப் பெட்டி. திருநெல்வேலி வரை நின்றேன், அறுவை செய்த பக்கம் யார் முழங்கையும் பட்டுவிடாமல் பையை அணைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் ஒரு வள்ளியூர்க்காரி. தலையில் முடி இப்போதுதான் முளைக்கிறது. எப்படி வந்தேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"கோவில்பட்டியில இருந்து நின்னுக்கிட்டா வாரீங்க? இங்கன ஃபாரம் தருவாவள்லா. படுக்கைப் பெட்டியில நமக்கு இலவசம். துணைக்கு வாரவியளுக்கு முக்கால்வாசி தள்ளுபடி. ஒருத்தரும் சொல்லலியா?"

ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டு வருடம். என் பிழைப்பே தாலுகா ஆபீஸ் எதிரே கம்ப்யூட்டர் கடையில் ஊருக்கு மனு எழுதுவது. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை. ஊரார் சலுகை அத்தனையும் என் விரல் வழியாகத்தான் போகிறது. என்னுடையது மட்டும் நாற்பத்தேழு வயதில், அடுத்த நோயாளி சொல்லித் தெரிகிறது.

ஃபாரம் கேட்டேன். ஐந்து நிமிடத்தில் சீல் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 11, புதன்

வெயில். மதியம் கடையில் சொல்லிவிட்டு ஸ்டேஷன் கவுன்டர். ஆன்லைனில் கிடையாதாம், நேரில்தான்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஃபாரத்தைப் படித்துவிட்டுச் சத்தமாக, "கேன்சர் பேஷண்ட் யாரு, நீங்களா?" வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. என் முகத்தையல்ல.

"துணைக்கு யாரும்மா? பேரு சொல்லுங்க."

வெளியே வந்து அக்காவுக்குப் போன். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் வந்திருந்தாள். அதன் பிறகு முட்டு வலி, ரயில் படி ஏற முடியாது. எதற்கும் கேட்டுவைப்போம் என்று கேட்டேன்.

"முக்கால்வாசி குறைவா? எத்தனை தடவை வேணும்னாலும் போலாமா? ஏட்டி, இதை முன்னாலேயே சொல்லப்படாதா! நான் வாரேன்."

அக்கா மகள் சுபாவைத் திருவனந்தபுரத்தில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறது. பேரன் பிறந்து ஏழு மாதம்.

ஜூலை 10, வியாழன்

மேகம், மழை இல்லை. அக்கா கையில் மூன்று பை. முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், குட்டிச் சட்டைகள். படியில் என்னை முந்தி ஏறினாள்.

ஆனாலும் புளியோதரை கட்டி வந்திருந்தாள், எனக்கு வத்தல் தனியாக. ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி எண்ணினாள். வழி முழுக்கப் பேச்சு, சிரிப்பு. எழுத வெட்கமாக இருக்கிறது: சந்தோஷமாக இருந்தேன்.

இறங்கியதும் மருமகன் காரோடு நின்றார்.

"நீ ஆட்டோ பிடிச்சுப் போயிருவல்லா? உனக்குப் பழகுன இடந்தானே. சாயங்காலம் ஸ்டேஷன்ல பாப்போம்."

போனேன். ரத்தம், ஸ்கேன், மாத்திரைச் சீட்டு. நர்ஸ் கேட்டாள், கூட ஆள் இல்லையா? வெளியே இருக்கிறார்கள் என்றேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

தூறல். இந்தத் தடவை ஸ்கேன் முடிவு. அதைச் சொல்லியே கூப்பிட்டேன். "வெரசா முடிச்சுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருதேன்" என்று மருமகன் காரில் ஏறினாள். வரவில்லை.

டாக்டர் சிரித்தார், மலையாளம் கலந்த தமிழில். "ஒண்ணும் இல்லா. இனி ஒரு வருஷம் கழிஞ்சு வந்தா மதி, போதும்."

மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் போலிருந்தது. சாயங்காலம் பிளாட்பாரத்தில் அக்காவைக் கண்டதும் சொன்னேன்.

"ஒரு வருசம் கழிச்சா? அப்ப அடுத்த மாசம் கிடையாதா?" முகம் விழுந்துவிட்டது. "ஆவணியில பிள்ளைக்குக் காது குத்து வச்சிருக்கே."

ஸ்கேன் கவரைப் பைக்குள் வைத்தேன்.

"டாக்டர்ட்ட சொல்லி ஒரு ஃபாரம் மட்டும் வாங்கேன். ஒரே தடவைக்கு."

"சிகிச்சைக்குப் போறேன்னு பொய் எழுதணும்க்கா."

"என்ன பொய்? உனக்கு இருந்ததுதானே?"

ரயில் வந்தது. "முடியாது" என்றேன். இரண்டு வருடத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் முடியாது.

"உனக்கென்ன, ஒத்தக்கட்டை. ஒரு பேரப்பிள்ளை இருந்தாத் தெரியும்."

கோவில்பட்டி வந்தது. அவள் பைகளை நான்தான் இறக்கினேன்.

என்னிடமே ஒன்றை ஒளிக்கக் கூடாது. டாக்டர் "ஒரு வருஷம்" என்றதும் முதலில் நினைவு வந்தது அந்தப் புளியோதரைதான். இனி அவள் வரமாட்டாள் என்று. அப்புறம்தான் பிழைத்துக்கொண்டேன் என்பது.

ஆகஸ்ட் 9, சனி

வெயில் திரும்பிவிட்டது. அக்கா போன் இல்லை. நானும் போடவில்லை.

வாங்க: துவரம் பருப்பு, சோப்பு, பேனா ரீஃபில்.

கடையில் கூட்டம். எப்போதும்வென்றான் ஊர் அண்ணாச்சி ஒருவர், போன மாதமும் வந்தவர், வியாழக்கிழமை வந்து நான் இல்லாததால் திரும்பிப் போனாராம்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீயளாமே? என்ன சொன்னாவ?"

"நல்லாயிட்டுன்னு சொன்னாவ அண்ணாச்சி."

"அப்படியாம்மா? ரொம்ப சந்தோசம். ரொம்ப சந்தோசம்." இரண்டு தடவை சொன்னார், கை கூப்பிக்கொண்டு.

அதற்கு மேல் திரையில் எழுத்து தெரியவில்லை. முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அவர் மனைவியின் இறப்புச் சான்றிதழ். பெயரில் 'ள'வுக்கு 'ல' விழுந்திருந்தது. திருத்த மனு எழுதிக் கொடுத்தேன்.