இருபத்து நாலாவது கண்ணி

டேய்,

காலையில் இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனால் அந்துருண்டை நாற்றம். இட்லியில் இல்லை, என் விரலில். இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. "சட்னி நல்லா இல்லையா?" என்றாள் அம்மா. "சட்னி ஓகே, கைதான் ஊசிப்போச்சு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்கிறார்கள். பாவம் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியாதா?

அது உன் அத்தா கடை உல்லன் நூலின் வாசனை. பட்டனும் லேஸும் ஜிப்பும் விற்கிற அந்த தி.நகர் கடையின் மேல் தட்டில், யாரும் கேட்காத உல்லன் உருண்டைகள் அந்துருண்டைகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. சென்னை வெயிலில் யார் கேட்பார்கள்? நீ கேட்டாய். சாம்பல், கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு என மூன்று நிறம் எடுத்துக்கொண்டு மந்தைவெளி பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு வந்தாய்.

டியூஷனுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நமக்கு அங்கேதான். அவ்வளவு பெரிய கட்டடத்தில் ஆளே இருக்காது. காற்று மட்டும் டிக்கெட் வாங்காமல் ஏறி இறங்கும்.

"இன்னாடா இது?"

"மஃப்ளர். அண்ணனுக்கு. அங்க இலையுதிர்காலம் வந்துடுச்சாம்."

கனடாவில் படிக்கிற உன் அண்ணன், உன் அம்மாவின் பச்சைத் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வீடியோ காலில் வந்ததை நானும் பார்த்திருந்தேன். "நம்மூர்ல முடியுதிர்காலம் மட்டும்தான் மச்சி. லாரித் தண்ணி உபயம்" என்றேன். நீ தலை நிமிரவில்லை. குரோஷா ஊசியால் நூலை இழுத்தபடி, "வாய மூடிகினு எண்ணு" என்றாய்.

"வாய மூடிகினு எப்டிடா எண்றது?"

அதற்குச் சிரித்தாய்.

புதிதாகப் பின்னுகிறவர்களுக்கு இதுதான் சுலபம் என்று போனில் பார்த்திருந்தாய். வரிசைக்கு இருபத்து நாலு கண்ணி. நேராகப் போய், திரும்பி, நேராக வர வேண்டும். நாலு வரிசைக்கு ஒரு தடவை நிறம் மாற்றினால் பட்டை பட்டையாக வந்துவிடும். கண்ணி கூடினாலும் குறைந்தாலும் ஓரம் கோணிவிடும். "கடைசிக் கண்ணி மட்டும் ஒளிஞ்சிக்கும்டா. தேடிப் புடிக்கணும்" என்று அடிக்கடி சொல்வாய், ஏதோ திருடனைப் பற்றிச் சொல்வது போல.

எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்தது உன் தப்பு. பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தொன்று என்று தாவுவேன். இன்னொரு நாள் பதினாலை இரண்டு தடவை சொல்வேன். ரயில் இரைச்சலில் நீ நம்பிக்கொண்டே பின்னுவாய். இரண்டாவது மஞ்சள் பட்டைக்குத் தொப்பை விழுந்தது. மூன்றாவது சிவப்புக்கு இடுப்பு ஒடுங்கியது. கண்டுபிடித்தபோது ஊசியால் என் முட்டியில் ஒரு குத்து. ஆனால் உருவிவிட்டு மறுபடி பின்னவில்லை. "போவட்டும், அண்ணன் கழுத்தும் கோணல்தான்" என்றாய்.

அப்புறம் அந்த மழை நாள். உன் வீட்டில் ஒதுங்கினோம். மஃப்ளரைத் தூக்கிப் பார்த்த உன் அம்மா, "யாரு இப்டிக் கோணலாப் பின்னது?" என்று கேட்டார். நீ கண் சிமிட்டாமல் என்னைக் காட்டினாய்.

"இவன்தாம்மா. நான் சும்மா எண்ணிக்கினு இருந்தேன்."

"ஆம்பளப் புள்ளைக்கு எம்மாம் பொறுமை! எனக்கும் ஒண்ணு பின்னித் தாப்பா" என்று எனக்கு மட்டும் இன்னொரு கிண்ணம் சேமியா பாயசம் வைத்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிற நான் பாயசத்தை முழுங்கினேன். படி இறங்கும்போது நீ குதித்தாய். "வருஷம் பூரா நீ வெச்ச. இன்னிக்கு நான் வெச்சேன் பாத்தியா ஆப்பு! நாளைக்கே உண்மைய சொல்லிடுறேன், விடு."

சொல்லவில்லை. அந்த வாரமே காய்ச்சல். ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரி. எட்டாம் நாள் நீ இல்லை. உன்னைப் பார்க்க வரும்போது சொல்வதற்காகக் கொசுவைப் பற்றி ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருந்தேன். அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் ஓதி முடித்ததும் உன் அம்மா அந்தத் துணிப்பையை என் கையில் கொடுத்தார். ஊசி அப்படியே கண்ணிக்குள் நின்றுகொண்டிருந்தது.

"எப்பா, நீ பின்னிக்கினு இருந்தது. வந்திருக்கிற பெரியவன் வெள்ளிக்கிழமை திரும்ப கனடா கெளம்புறான். முடிச்சுக் குடுத்துடுறியா?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சொன்னால், நீ அவரிடம் கடைசியாகச் சொன்ன விளையாட்டுப் பொய் வெறும் பொய்யாகிவிடும். "சரிம்மா" என்று மட்டும் வந்தது.

எனக்கு ஊசி பிடிக்கவே தெரியாது, மச்சி. வெள்ளிக்கு ஆறு நாள். போனைப் பார்த்து வேறு நூலில் பழகினேன். முதலில் பின்னியது வரிசைக்கு வரிசை குறுகிச் சமோசாவாக முடிந்தது. இரண்டாவதும் சமோசா. மூன்றாவதில்தான் நீ சொன்னது மண்டையில் ஏறியது. ஓரத்தில் மடங்கி ஒளிந்துகொண்டிருந்தது அந்தத் திருட்டுக் கண்ணி.

உன் மஃப்ளரை எடுத்தபோது ஒரு யோசனை. கோணல் வரைக்கும் உருவிவிட்டுச் சரியாகப் பின்னினால் என்ன? ஊசியைக் கழற்றி நூலை இழுத்தும்விட்டேன். நாலு கண்ணி சரசரவென்று போனது. கை நின்றுவிட்டது. கோணல்தான் என்னுடையது; கண்ணியெல்லாம் உன்னுடையது. போன நாலையும் திரும்பப் போட்டுவிட்டு மேலே பின்னினேன், அதே பிளாட்பாரத்தில், பக்கத்தில் உன் இடத்தில் பையை வைத்துக்கொண்டு. மூன்று பட்டை. தொப்பையும் இல்லை, இடுப்பும் இல்லை, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர். பார்க்கவே பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் அம்மா தடவிப் பார்த்து, "பின்னாடி வர வரக் கை நல்லாப் பழகிடுச்சுப்பா உனக்கு" என்றார். உன் அண்ணன் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, ஃபேன் சுற்றாத உன் வீட்டு நடையில் வியர்வை வழிய உட்கார்ந்திருந்தான். நான் கிளம்பும் வரை கழற்றவில்லை.

இப்போது மந்தைவெளியில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா கேட்டது பாக்கி இருக்கிறதே, அதை ஆரம்பித்துவிட்டேன். தனக்குச் சாம்பல் வேண்டாம், மஞ்சளும் சிவப்பும் போதும் என்றார். ஊசி உன்னுடையதுதான். பின்னுவதும் நான், எண்ணுவதும் நான். இருபத்து மூன்று வந்ததும் ஒவ்வொரு தடவையும் கை நின்றுவிடுகிறது. இந்த இடத்தில் பக்கத்திலிருந்து யாராவது தப்பாகச் சொல்ல வேண்டும். வேளச்சேரி ரயில் வருகிறது, நிற்கிறது, போகிறது. யாரும் சொல்வதில்லை. ஒளிந்துகொண்டிருப்பதைத் தேடிப் பிடித்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

இருபத்து நாலு.