வாய்ப்பேச்சில் மாற்றிக்கொண்ட நிலம்

அக்கா,

இன்று காலை கொத்தமல்லி பிடுங்கும்போது உன்னை நினைத்துக் கண் கலங்கினேன் என்று எழுதினால் அது பொய். உன்மேல் எரிச்சல்தான் வந்தது. சூளகிரியிலிருந்து வந்த வியாபாரி என் கட்டுகளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா கட்டுனா எல்லாம் ஒரே அளவா இருக்கும். உன்னுது ஒண்ணு குண்டா இருக்குது, ஒண்ணு நோஞ்சானா இருக்குது" என்றான். நீ போய் ஆறு மாதம் ஆகிறது, இன்னும் உன்னை வைத்துத்தான் என்னை அளக்கிறார்கள். கையில் அந்தத் தழை வாசனை போகவில்லை. அப்படியே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவது படித்த திமிர் எனக்கு உண்டு என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே, இருக்கட்டும்.

நீ தளிப் பக்கத்துப் பெண். நான் பர்கூர்ப் பக்கம். அண்ணனுக்கு நீயும் தம்பிக்கு நானுமாக ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டோம். நான் வந்தபோது நீ ஏற்கெனவே ஐந்து வருடத்து மருமகள். கோபம் வந்தால் உனக்குத் தமிழ் வராது. "சும்னிரு" என்று கன்னடத்தில் ஒரு அதட்டல் போடுவாய். முதல் மாதத்திலேயே அதற்கு 'வாயை மூடு' என்று அர்த்தம் என்பதைப் புரிந்துகொண்டேன். அதிகம் என்னிடம்தான் அதைச் சொன்னாய்.

மாமனார் போன பிறகு பாகம் பிரித்தார்கள். நம் பக்கத்து வழக்கம்தான், பெரியவர் பிரிக்க வேண்டும், சின்னவர் முதலில் எடுக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் கிணற்றுக்கொல்லை இரண்டு ஏக்கரை ஒரு பங்காகவும், ரோட்டுக்கொல்லை மூன்று ஏக்கரை ஒரு பங்காகவும் வைத்தார். ரோட்டுக்கொல்லை என்று பெயர்தானே தவிர அப்போது அங்கே இருந்தது வண்டிப்பாதை. மானாவாரி நிலம், மழை வந்தால் கேழ்வரகு, வராவிட்டால் கொள்ளு. என் வீட்டுக்காரர் அதைத்தான் எடுத்தார். ஓசூரில் கம்பெனி வேலை இருந்தது, தண்ணீர் பாய்ச்ச நேரம் இல்லை, நிலமும் ஒரு ஏக்கர் கூடுதல் என்று கணக்குப் போட்டார். அப்படியே பத்திரம் பதிவானது.

மூன்றாவது வருடம் கம்பெனியை மூடிவிட்டார்கள். இவர் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சதீஷ் அப்போது கைக்குழந்தை. அந்த வருடம் மழையும் இல்லை, கொள்ளுகூட வரவில்லை. நான் வெளியில் சொல்லவில்லை. ஆனால் அடுப்பு எரியாததை நீ கவனித்திருக்கிறாய். ஒரு நாள் மத்தியானம் என் வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே சொன்னாய்.

"கெணத்துக்கொல்லய நீங்க எடுத்துக்கங்க. ரோட்டுக்கொல்லய நாங்க ஓட்டிக்கறம். எங்க வூட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டன்."

நான் உன்னை ஏற இறங்கப் பார்த்தேன். "இன்னாத்துக்கு அப்பிடிப் பாக்கற? இனாமா ஒண்ணும் குடுக்கல. நெலத்துக்கு நெலம்" என்றாய். நிலத்துக்கு நிலம்தான். ஆனால் தண்ணீர் உள்ளதைக் கொடுத்துவிட்டு வானம் பார்த்த பூமியை யாராவது கேட்டு வாங்குவார்களா?

ஊர்க்கவுண்டர் வீட்டில் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து மாற்றிக்கொண்டார்கள். "ஆபீசுல போயி மாத்தி எழுதிக்கறீங்களா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டார். உன் வீட்டுக்காரர் சிரித்தார். "கூடப் பொறந்தவனுக்கும் எனக்கும் நடுவுல பத்திரம் எதுக்குங்க?" அதோடு பேச்சு முடிந்தது. நம் ஊரில் இப்படி மாற்றிக்கொண்ட நிலம் எத்தனையோ இருக்கிறது. வரியை அவரவர் பெயரில் வந்தபடியே கட்டி, உள்ளுக்குள் சரிசெய்துகொள்வார்கள். நாமும் அப்படித்தான் செய்தோம்.

நீ ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை அக்கா. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாமல் உன்னால் ஒரு வாரம் இருக்க முடியாது. மோட்டார் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடினால் வரப்பில் நின்று, "ஏமா, எங்கெணறு வத்திடப் போவுது" என்று நாலு பேர் கேட்கக் கத்துவாய். வேலியோரத்து வேப்பங்கிளையை நான் கேட்காமல் வெட்டினேன் என்று இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பேசாத அந்த இரண்டு வருடத்திலும் கொத்தமல்லி பிடுங்கும் நாளன்று விடிந்ததும் வந்து, முகத்தைத் திருப்பி உட்கார்ந்து கட்டுக் கட்டிவிட்டுப் போனாய். கூலி கொடுத்தால் வாங்க மாட்டாய். வீட்டுக்குக் கொஞ்சம் தழையை மட்டும் முந்தானையில் முடிந்துகொள்வாய்.

பிறகு நம் வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். உன் மஞ்சுளாவைத் தளியிலேயே கட்டிக் கொடுத்தாய். என் சதீஷ் கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போனான். கிணற்றுக்கொல்லையிலேயே வீடு கட்டினோம். வண்டிப்பாதை தார் ரோடாகி, தார் ரோடு நாலு வண்டி அகலமாகி, அதன் இரண்டு பக்கமும் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். ரோட்டுக்கொல்லைக்கும் நோட்டீஸ் வந்தது. வந்தது உன் வீட்டுக்கு இல்லை. என் வீட்டுக்காரர் பெயருக்கு, என் வீட்டுக்கு.

சதீஷ் அதை மூன்று தடவை படித்தான். "அம்மா, பேப்பர் நம்ம பேர்ல இருக்குது, பணம் நமக்குத்தான் வரும். நாம ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருந்தாப் போதும்" என்றான்.

நான் சும்மா இருந்தேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நீ உழுத நிலம். உன் வீட்டுக்காரர் போன பிறகு தனியாளாக ஆள் வைத்துக் களையெடுத்து, கேழ்வரகு அறுத்த நிலம். உனக்கு வேறு ஒரு சென்ட் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நோட்டீஸை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். என் பையனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், வாடகைக்கு விட மாடி கட்ட வேண்டும் என்று எனக்குள் ஏதேதோ ஓடியது. அக்காவே கேட்கட்டும், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று ஒரு நாள் தோன்றும். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று மறுநாள் தோன்றும்.

உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லோருக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது, உனக்கு மட்டும் வரவில்லை என்றால் உனக்குப் புரியாதா? நீ வழக்கம்போல வந்தாய். எதிரெதிரே உட்கார்ந்து கட்டுக் கட்டினோம். மஞ்சுளாவின் பையனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாய். வெயிலைத் திட்டினாய். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு நாள் கட்டை கீழே வைத்துவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். நான் குனிந்து தழையை அடுக்கினேன். "தலைக்கு எண்ணெ வெய்யி. வெறகாட்டம் கெடக்குது" என்றாய். எழுந்து போய்விட்டாய்.

அதற்கடுத்த வாரம் களத்துமேட்டில் மயங்கி விழுந்தாய். கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த அன்று மஞ்சுளா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நிலத்தைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை.

"சின்னம்மா, நெலத்தப் பத்தி உங்ககிட்டப் பேசுன்னு அம்மாகிட்ட எத்தினியோ தரம் சொன்னன். 'சும்னிரு, அவளே சொல்லுவா. அவ வாயால சொல்றதுக்குள்ள நான் போயிக் கேட்டா அவளுக்கு அசிங்கம்'னு சொல்லிச்சி. என்னயும் கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிச்சி."

"ஆமாம்மா" என்றேன். "அந்த வாரமே சொல்லணும்னுதான் இருந்தன். அதுக்குள்ள இப்பிடி ஆயிடுச்சி." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ரோட்டுக்கொல்லைப் பணம் மஞ்சுளாவுக்குத்தான் என்று வீட்டில் சொன்னதும் சதீஷ் குதித்தான். "கெணத்துக்கொல்ல யார் பேர்ல இருக்குது, போயிப் பாரு" என்றேன். "அதுல நாமதான இத்தினி வருசமா இருக்கறம், வூடு கட்டியிருக்கறம்" என்றான். "அவங்களும் ரோட்டுக்கொல்லயிலதாண்டா இத்தினி வருசமா இருந்தாங்க" என்றேன். அவன் நாலு நாள் என்னோடு சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் அவனாகவே வண்டியை எடுத்தான். நிலமெடுப்பு விசாரணைக்குப் போய், ரோட்டுக்கொல்லை பெரியவர் குடும்பத்து அனுபவத்தில் உள்ளது, பணம் சேர வேண்டியது மஞ்சுளாவுக்குத்தான் என்று இருவரும் எழுதிக் கொடுத்தோம். கிணற்றுக்கொல்லையை எங்கள் பெயருக்கு மாற்ற மஞ்சுளாவும் வந்து கையெழுத்துப் போட்டாள். முன்பே செய்திருந்தால் ஒரு காலை வேலை.

இப்போது ஊரில் எனக்கு ரொம்ப நல்ல பெயர். ஓரகத்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பெண்கள் சொல்கிறார்கள். மஞ்சுளா வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அம்மா இடத்தில் இனி நீங்கள்தான் என்கிறாள். நானும் சரி சரி என்று கேட்டுக்கொள்கிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வாரம் நான் சொல்வதாக இல்லை அக்கா. நீ கேட்டால் என்ன சொல்லி மழுப்புவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்கான வார்த்தைகள்கூடத் தயாராக இருந்தன. நீ எனக்கு அசிங்கம் வரக் கூடாது என்று காத்திருந்தாய். இன்னும் ஒரு மாதம் நீ இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன் நிலத்தை எடுத்திருப்பேன்.