கறுப்பு நூல்

பொப்பாயான்,
6 மே 1958

மகள் ஒதிலியாவுக்கு,

உன் கடிதமும் கொய்யா இனிப்பும் கிடைத்தன. இனிப்பு சற்றே கருகியிருந்தது. கையெழுத்தும் சாய்கிறது, டீச்சர் எழுத்தே இப்படியென்றால் பிள்ளைகள் எழுத்து எப்படி இருக்கும்?

கல்யாணப் பத்திரிகையில் இரு வீட்டுப் பெற்றோர் பெயரும் வர வேண்டும். என் பெயருக்கு எதிரே யார் பெயர்? நீ கட்டிக்கொள்ளப்போகும் எவரிஸ்தோ கெட்டிக்கார ரயில்வே மெக்கானிக்காக இருக்கலாம். ஆனால் தகப்பன் தன் பெயரைக் கொடுக்காத பிள்ளை. தாயின் குடும்பப் பெயர் ஒன்றைத்தான் சுமக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பிரிகிதா கேட்டாள்: "ஏன் லெயோகாதியா, மாப்பிள்ளைக்கு அப்பா பேரு போடுற எடத்துல பூப்படம் போட்டுக்கலாமா?" குடையை விரித்துக்கொண்டு வந்துவிட்டேன். மழை இல்லை.

முப்பத்தெட்டு வயதில் உனக்குப் புத்தி சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் நான் சிறுவயதில் படித்த ஒரு நாவலை அனுப்புகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களை அழவைத்தது. தந்தை சொல்லுக்காக நாயகி காதலன் கடிதத்தை எரித்துவிட்டுக் கல்யாணக் கையுறையை மாட்டிக்கொள்கிறாள். அத்துடன் போதும். மிச்சப் பக்கங்களை மடத்துத் தலைவி கறுப்பு நூலால் தைத்துவிட்டார், பெண்களுக்கு வேண்டாதவையாம். நான் பிரித்ததில்லை. நீயும் பிரிக்காதே.

லெயோகாதியா,
திரு. அர்போலேதாவின் விதவை


காலி நகரம்,
15 மே 1958

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரித்துவிட்டேன். "பிரிங்க டீச்சர், மூடி வச்ச எதைப் பாத்தாலும் எனக்குக் கை அரிக்கும்" என்று எவரிஸ்தோதான் கத்தரிக்கோல் நீட்டினார்.

கோவில் வாசலில் அவள் கையுறைகளைக் கழற்றித் தீர்த்தத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள், அம்மா. காதலனோடு. மழையில், நடந்தே.

இன்னொன்று. மூன்று தையலுக்கு ஒருமுறை பின்னால் போய் வரும் தையல் அது. சின்ன வயதில் முதல் நற்கருணைக்கு நீங்கள் தைத்துத் தந்த புதுநன்மை உடையின் ஓரத்திலும் அதேதான். வேறு யார் கையிலும் அதை நான் பார்த்ததில்லை. நூலைப் போட்டது யார்?

கோபத்தில் கேட்கவில்லை. கல்யாணம் ஜூன் 21, சனிக்கிழமை. பத்திரிகையில் உங்கள் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன். மாதக் கடைசிக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் ஒதிலியா


காலி நகரம்,
29 மே 1958

அம்மா,

"உங்கம்மா பேரு வருமா வராதா டீச்சர்? எழுத்துக் கோத்து வச்சு எத்தன நாளு காத்திருக்கறது?" என்கிறார் அச்சுக்காரர். நாளை மாலை வரை அவகாசம் கேட்டிருக்கிறேன்.

ஒதிலியா


பொப்பாயான்,
12 ஜூன் 1958

ஒதிலியா,

பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை பக்கம் துணி வெளுக்கும் அவர் தாயின் பெயர் தனியே நிற்கிறது. உன் பக்கம் அதுகூட இல்லை. பிரிகிதா இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பாள்.

தைத்தது நான்தான். நாற்பத்து நான்கு வருஷத்துக்கு முன், என் கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம். நிலம் அளக்க வந்தவர் ஒருவர், மறுநாள் எனக்காகக் கோவில் வாசலில் காத்திருப்பதாக எழுதியிருந்தார். கடிதத்தை அடுப்பில் போட்டேன். நாவலின் அந்தப் பக்கங்கள் அப்போதே எனக்கு மனப்பாடம்; கிழித்தெறிய முடியவில்லை. தைத்தேன். தலைவி மேல் பழி போட்டதைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்தன்று அந்த நிலம் அளப்பவர் கோவில் வாசலில் நின்றிருந்தார். நான் கையுறையோடு உள்ளே போனேன்.

உன் அப்பா நல்ல மனிதர். சாகும்வரை அது என்ன புத்தகம் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நான் வரமாட்டேன். எவரிஸ்தோவின் பெயர் இப்போது காரணமில்லை. நீ அந்த வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால், இந்த நாற்பத்து நான்கு வருஷம் எதற்கு என்று யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. நானே கேட்பேன்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பு. மறுபடி தைக்க வேண்டும்.

லெயோகாதியா