மூக்குத்தித் திருகாணி

துபாய்

அம்மா,

உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? நேரத்துக்குச் சாப்பிடுறியா? அப்பா போனதுல இருந்து போன்ல பேசினா ரெண்டு பேருமே அழுதுருறோம். அதான் லீவுல வார அய்யலூர் ஆண்டனிராஜ் கையில இதைக் குடுத்து விடுறேன். தங்கச்சி வாசிச்சுக் காட்டட்டும்.

இங்க நேத்து ஒரு கூத்து. இன்ஜின் வச்ச பாய்மரப் படகு ஒண்ணை ரிப்பேர் முடிச்சுத் தண்ணியில இறக்கினோம். முன்னால ஓட்டினப்ப நல்லாத்தான் போச்சு. ரிவர்ஸ் எடுத்ததும் அடியில சுத்துற காத்தாடி கழண்டு கடலுக்குள்ள விழுந்துருச்சு. நட்டை முடுக்கினவன், அது கழலாம இருக்கக் குத்துற பின்னை மறந்துட்டான். நான்தான் முங்கி எடுத்தேன். பயப்படாத, நம்ம கிணத்தை விட ஆழம் கம்மிதான்.

முன்னால போகையில தண்ணியே காத்தாடியை அமுக்கிப் பிடிச்சுக்குமாம். திரும்பி வரும்போதுதான் கழட்டி விட்டுருமாம். மறுபடி மாட்டி, பின்னைக் குத்தி, முனையை விரிச்சு மடக்கையில உன் நெனப்புதான். மூக்குத்தித் திருகாணி கழலாம இருக்க நீ நூல் சுத்துவியே.

ஆண்டனிராஜ் திரும்பும்போது பருப்புப்பொடி கொஞ்சம் குடுத்து விடு. இங்க வெஞ்சனம் வாயில வைக்க முடியல.

பதினாறாம் நாள் மூக்குத்தியையும் கழட்டணும்னு பெரியம்மா சொன்னாங்களாமே? கழட்டாதம்மா. இன்னொரு சுத்து நூல் சுத்தி வையி. லீவு கிடைச்சு நான் வாரப்ப அப்பா இருக்க மாட்டாரு. உன் முகமாவது நான் விட்டுட்டு வந்த மாதிரியே இருக்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துருச்சு.

கண்ணன்