நிபால்டோவின் படகு தெரிந்த தூரம்

அன்பு மகள் யஸ்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்த ஸ்வீடன் குளிரில் சுகமாக இருக்கவேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. உனக்கு ஏழாம் மாதம் என்பதால்தான் மூன்று வாரமாக ஒரு விஷயத்தை மறைத்தேன், பயப்படாமல் படி, உன் தம்பி நிபால்டோ உயிரோடுதான் இருக்கிறான்.

அன்று விடியற்காலையில் தனியாகக் கடலுக்குப் போனவனுடைய எஞ்சின் நின்றுவிட்டது, அதை படகு வயர்லெஸ்ஸில் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கருவியும் செத்துப்போனது. ஒன்பது மணிக்கெல்லாம் அலை வீடு உயரத்துக்கு எழும்பவே துறையை மூடிவிட்டார்கள், நம் ஊர்ப் படகு எதுவும் அலை உடைகிற இடத்தைத் தாண்ட முடியாது. பெரிய துறைமுகத்திலிருந்து மீட்புக் கப்பல் வரும், படகு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார் துறை அதிகாரி. நான் கணக்குப் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்தின் மாடிக்கு ஓடினேன். கோணம் அளக்கிற முக்காலிக் கருவி ஒன்றை நான் வைத்துக்கொண்டு, இன்னொன்றை அப்பாவிடம் கொடுத்துக் கலங்கரை விளக்கத்துக்கு அனுப்பினேன். முக்கோணத்தை வைத்து மீனா பிடிக்கப்போகிறாய் என்று என்னை எத்தனை வருஷம் கேலி செய்த மனுஷர், அன்று வாக்கிடாக்கியில், “எம்பத்திநாலு டிகிரி. சரியாப் பாத்தேனா எலியானா, இன்னொரு தடவ பாக்கட்டுமா?” என்று கேட்டார். என் பக்கம் எழுபத்தொன்று. அப்படியென்றால் படகில் சேர்கிற கோணம் இருபத்தைந்து. மாடிக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையே ஆயிரத்து எண்ணூற்றைம்பது மீட்டர், வருஷா வருஷம் பிள்ளைகளை வைத்து அளப்பதுதானே. செங்கோணம் எங்குமே இல்லாத முக்கோணம், சைன் விதிதான் கை கொடுத்தது. அந்தத் தூரத்தை இருபத்தைந்தின் சைனால் வகுத்து எண்பத்துநான்கின் சைனால் பெருக்கினேன். என் பிள்ளை என்னிடமிருந்து நாலாயிரத்து முந்நூற்றைம்பது மீட்டரில் இருந்தான். அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. நாங்கள் பார்த்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரியட்டுமே என்று ஒரு வெள்ளைப் போர்வையைக் கொடிக் கம்பத்தில் கட்டிவிட்டேன்.

மதியத்துக்குள் அந்த மூன்றாவது கோணம் பதினாறாகிவிட்டது, தூரம் ஆறாயிரத்து எழுநூறு. கோணம் சுருங்கச் சுருங்க, அளவில் ஒரு டிகிரி பிசகினாலும் நானூறு மீட்டர் தப்பும் என்று எனக்குத் தெரியும். அதிகாரியோ கப்பலே கிளம்ப முடியவில்லை, இனி எண் வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டார். இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை யஸ்னா. சொன்னால் அந்த நிமிஷமே தன் படகைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் இறங்கியிருப்பார். அதனால் கால்மணிக்கு ஒரு தரம் அவரிடம் கோணம் கேட்டுக்கொண்டே இருந்தேன், அதிகாரிக்கு வேண்டும், நகராதீர்கள் என்று. அவரும் நகராமல் சொன்னார். நாலு மணிக்குப் பனிமூட்டம் இறங்கிப் படகு மறைந்தது.

மறுநாள் மதியம் வடக்கே போன ஒரு கப்பல் அவனைத் தூக்கிக் கரை சேர்த்தது. ராத்திரிக் குளிரில் விறைத்துக் கறுத்துப்போன இரண்டு விரல்களை இடது காலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் இருக்கிறான், பூசணி மாவில் சோபைபில்லா அப்பம் சுட்டு வைத்தால்கூடத் தொடுவதில்லை. போன வாரம் ஒரே ஒரு தடவை வாய் திறந்தான்: “மாடில வெள்ளத் துணி ஆடினதப் பாத்தேம்மா. பாத்துட்டீங்க, வந்துருவீங்கன்னுதான் உக்காந்திருந்தேன். அப்புறம் ஏன் யாருமே வரல?” அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தன்னால் முடியாமல் போனதாக நினைத்து இன்றுவரை குனிந்தபடியே இருக்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் போகவிட்டிருந்தால் இரண்டு பேரும் முழுசாகத் திரும்பியிருப்பார்களா, இல்லை ஒருவருமே திரும்பியிருக்கமாட்டார்களா என்று எந்தக் கணக்கும் எனக்குச் சொல்லவில்லை.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் காக்கட்டும், சுகப்பிரசவம் ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் செய், காலைப் பற்றிக் கேட்காதே. அப்பாவும் பேசுவார், எண் வேண்டாம் என்று அதிகாரி சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா,
எலியானா