போர்த்துவதற்கு முன்

இன்று காலை சைக்கிளில் போர்வை விற்பவர் வாசலில் நின்றார். "யக்கா, பஞ்சு ராஜாயி கீது, கம்பளி கீது. சும்மா தொட்டுப் பாரு, வாங்காட்டி போ." தொட்டேன். புதுப் பஞ்சின் வாடை வந்ததும் வேண்டாமென்று கதவைச் சாத்திவிட்டேன். இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. நீயும் நம்பியவள் அல்ல. ஆனாலும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு கல்லூரிக்காக நாம் இருவரும் வட்டாரச் சொற்கள் திரட்டினோம். கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் எல்லா ஊர்க்காரர்களும் இருந்தது வசதி. கோவைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, மழைக்குத் தலையோடு போர்த்துவதைக் கொங்காடை என்றாள். சொல்லை நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது, சைகை காட்டிக் காத்திருக்க வேண்டும் என்பது உன் விதி. வந்ததும் அங்கேயே சீட்டில் எழுத வேண்டும். "சூடாறிட்டா அது நம்ம சொல்லாயிடும்" என்பாய்.

திருவிடந்தையில் மீன்காரியின் முன் தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டினாய். அவள் கூடையை இறக்கவேயில்லை. "இன்னாம்மா, குளிர் ஜுரமா? வூட்டுக்குப் போய் கம்பளி போத்திக்கினு படு. மீன் வாங்க வந்த மூஞ்சியா இது?" சிரித்துக்கொண்டே எழுதினாய்.

நீ திருநெல்வேலிக்காரி. ஆனால் குடியிருப்புக்கு வந்தபின் எல்லாரையும்போல 'பெட்ஷீட்' என்றுதான் சொன்னாய். உன் ஊர்ச் சொல் ஒன்றைக்கூட உன்னிடமிருந்து நான் வாங்கியதில்லை.

சில ஆண்டுகள் கழித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில், ஒரு பிற்பகல். காய்ச்சலில் உன் பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன. "ஏளா, அந்தத் துப்பட்டிய எடுத்துப் போத்தி விடு" என்றாய்.

என் கை பைக்குள் போனது. சீட்டை எடுத்துச் சொல், ஊர், வயது என்று வரிசையாக எழுதினேன். நிமிர்ந்தபோது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எழுதிட்டியா?"

"ஆமா," என்றேன். அதன்பிறகுதான் போர்த்தினேன். மறுநாள் காலையில் போய்விட்டாய்.

அந்த அரை நிமிடத்தால் நீ சாகவில்லை. அது எனக்குத் தெரியும்; தெரிந்து ஒரு பயனும் இல்லை. குளிருக்கு ஒரு துணி கேட்ட உன்னை, கூடை சுமந்து போகும் முன்பின் தெரியாதவளைப்போல நடத்தினேன்.

அந்தச் சீட்டைக் கல்லூரிக்குக் கொடுக்கவில்லை, கிழிக்கவும் முடியவில்லை. எப்போதாவது எடுத்துப் பார்க்கிறேன். அதில் என் கையெழுத்து துளியும் நடுங்கவில்லை.