முகாமுக்குப் போன முப்பது கத்திகள்

நவம்பர் 12, செவ்வாய்

பாலைவன வேட்டை முகாமுக்குக் கொடுத்த முப்பது கத்திகளில் பதினேழு இன்று திரும்பி வந்தன. முகாமுக்குச் சாமான் வாங்குகிற மனாஹி அவற்றை அரிசிச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து என் கடை விரிப்பில் கொட்டினான். சந்தை முழுக்கப் பார்க்கும்படி கொட்டினான். அதுதான் அவன் நோக்கம்.

"உம்மு முத்லக், இதை வெச்சு ரொட்டியில வெண்ணெய் தடவலாம். ஆட்டை அறுக்க முடியாது."

"கொண்டு போய் எத்தனை நாள் ஆச்சு?"

"ஒரே வாரம்! ஸுவைலிம் கத்தி மழுங்குதுன்னுதான் உங்கிட்ட வந்தேன். இப்ப அவனுதே தேவலைன்னு ஆக்கிட்ட."

பக்கத்துக் கடை ஸுவைலிம் தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தான்.

ஒவ்வொன்றையும் நகத்தில் வைத்துப் பார்த்தேன். கத்தியின் கூர்வாய் நன்றாக இருந்தால் நகத்தைக் கடித்து நிற்கும். இவை வழுக்குகின்றன.

அத்தனையும் நானே தேர்ந்தெடுத்தவை. அறுக்க நீளமாய், நேராய் ஒன்று. தோலுரிக்கக் குட்டையாய், வளைவாய் ஒன்று. எலும்புக்குக் கனமாய் ஒன்று. அலகின் வால் பிடியின் கடைசி வரை போகிறதா என்று பார்ப்பேன். பிடியில் கொழுப்பைத் தடவிப் பிடித்துப் பார்ப்பேன். வேட்டைக்குப் போகிறவன் முயல் விழுந்த இடத்துக்கு ஓடி, அதன் உயிர் போவதற்குள் அறுத்தாக வேண்டும்; கத்தி தயங்கினால் கறி ஹராம். கைக்கு அடங்காத கத்தியை இந்தப் பதினாறு வருஷத்தில் நான் விற்றதில்லை.

ஆனால் இரும்புக்குள் என்ன இருக்கிறது என்பது கொல்லர் அபூ ஜாசிமுக்குத்தான் தெரியும். அவர் ஹுஃபூஃபில் அடிக்கிறார், நான் இங்கே ஹஃபரில் விற்கிறேன். பதினோரு வருஷம்.

என்ன கலந்தார் மனுஷர்?

நவம்பர் 13, புதன்

போன் செய்தேன்.

"எப்பவும் போல லாரி ஸ்பிரிங் பட்டை இரும்புதான், உம்மு முத்லக். அதே உலை, அதே எண்ணெய்."

"அப்ப ஏன் மழுங்குது?"

"வாங்கினவங்க என்ன செய்யறாங்கன்னு ஒரு தடவை போய்ப் பாருங்களேன்."

வாங்கினவன் தலையில் பழியைப் போடுவது எங்கள் எல்லோருக்கும் கைவந்த வேலை. நானே எத்தனை பேரிடம் போட்டிருக்கிறேன்! அதனால்தான் நம்பவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

வீட்டு முற்றத்தில் சோதித்தேன். என் தம்பி தஹாமுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் விருந்து என்று மூன்று ஆடுகள். ஆடுகள் காணாதபடி சுவருக்குப் பின்னால் வைத்து, அபூ ஜாசிமின் புதுக் கத்தி ஒன்றை நானே தீட்டினேன். நானே அறுத்தேன். ஒவ்வொரு ஆட்டுக்கும் பிறகு மணலில் இரண்டு தரம் குத்தி ரத்தத்தைப் போக்கி, துடைத்து, அடுத்ததற்குப் போனேன். முதல் ஆடு ஒரே இழுப்பு. இரண்டாவதற்குக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது. மூன்றாவதற்குத் தஹாம் பாவம் பார்த்து வேறு கத்தியை நீட்டினான்.

முடிந்தது. கண்ணால் பார்த்தாகிவிட்டது. கிழவர் மெத்தென்ற இரும்பைத் தள்ளிவிட்டிருக்கிறார்.

நவம்பர் 16, சனி

சந்தையில் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்லவில்லை. அபூ ஜாசிமின் சரக்கைத் தொடாதீர்கள், பதம் போய்விட்டது, ஏமாற்றுகிறார். மதியத்துக்குள் இரண்டு கடைக்காரர்கள் அவருக்குக் கொடுத்திருந்த வேலையை ரத்து செய்தார்கள். என் பேச்சுக்கு இங்கே அவ்வளவு எடை.

நவம்பர் 21, வியாழன்

அபூ ஜாசிம் நான்கு முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

தம்மாமில் இறக்குமதிக்காரரிடம் புதிதாக வாங்கி மனாஹிக்குக் கொடுத்தவையும் திரும்பிவிட்டன. ஜெர்மானிய எஃகு என்று சொல்லி விற்கிற, முகம் தெரிகிற பளபளப்புக் கத்திகள். அவையும் நகத்தில் வழுக்குகின்றன.

இப்போது வேறு யோசனை வருகிறது. இரண்டு இரும்பும் எப்படி ஒரே மாதிரி கெட்டுப்போகும்? மனாஹி நல்லதை எடுத்து வைத்துக்கொண்டு பழசைத் திருப்புகிறானா? ஸுவைலிமும் அவனும் சேர்ந்து என்னை இந்தச் சந்தையிலிருந்து கிளப்பப் பார்க்கிறார்களா? இன்று காலை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

ஆனால் என் முற்றத்தில் அறுத்தது மனாஹி இல்லையே. நான்.

நவம்பர் 29, வெள்ளி

தங்கை ஹைலாவின் அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் சமையலறையில் அபூ ஜாசிமின் கத்தி ஒன்று கிடந்தது. முகாமுக்குப் போன அதே சரக்கிலிருந்து நான் கொடுத்ததுதான். நகத்தில் வைத்தேன். கடித்தது.

"இதைத் தீட்டுனியா?"

"எனக்கு எங்க தீட்டத் தெரியும், அக்கா? மூணு ஆடு துண்டு போட்டாச்சு. கழுவி வெப்பேன், அவ்வளவுதான். ஏன், திருப்பி வாங்கிக்கப் போறியா? தர மாட்டேன்."

தெரிந்தவர்களுக்குப் போகும் என்று ஒன்றிரண்டை மட்டும் நல்லதாக அடித்திருப்பாரோ? அப்படிப்பட்ட தந்திரக்காரரா? ஆனால் எது யாருக்குப் போகும் என்று ஹுஃபூஃபில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 3, செவ்வாய்

மனாஹி கத்தியை மாற்றுகிற இடத்திலேயே பிடிப்போம் என்று, சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். எழுபது பேர் தங்கியிருக்கிற முகாம். ஒரு நாளைக்கு ஏழெட்டு ஆடு விழுகிறது. அறுப்பது மனாஹியே.

"வேவு பார்க்க வந்தியா? உக்காரு. காபி ஊத்தறேன், வேவு சூடா இருக்கும்."

வண்டியை விட்டு இறங்காமல் பார்த்தேன். கத்தி மாறவில்லை. அதே கத்திதான் ஆட்டின் கழுத்துக்கும் மணலுக்கும் போய்ப் போய் வந்தது. அறுத்தான், மணலில் பிடி வரை இரண்டு குத்து, சட்டையில் ஒரு துடைப்பு. அறுத்தான், இரண்டு குத்து, ஒரு துடைப்பு.

என் தகப்பன் செய்தது. நான் செய்வது. இந்தப் பாலையில் தண்ணீரைக் கத்திக்கு ஊற்றுகிறவன் யார்? கை தானாகப் போகும். தும்மினால் அல்ஹம்துலில்லாஹ் சொல்வது போல.

இறங்கிப் போய் ஒரு பிடி மணலை விரல்களுக்கு நடுவில் தேய்த்தேன். சாணைக்கல்லை மாவாக அரைத்தது போல இருந்தது.

ஐயோ. என்ன செய்துவிட்டேன் நான்?

டிசம்பர் 4, புதன்

உறுதியாகத் தெரிய வேண்டும் என்று முற்றத்தில் மறுபடி. அபூ ஜாசிமின் கத்திகள் இரண்டு, ஒரே தீட்டு. ஒன்றை ஈரத் துணியில் துடைத்தேன். இன்னொன்றை ஒவ்வொரு தடவையும் மணலில் குத்தினேன். கத்திக்கு இரண்டு ஆட்டிலேயே தெரிந்துவிட்டது: மணலில் குத்தியதுதான் மழுங்கியது.

ஒரு நாள் வேட்டைக்குப் போய் ஒரு ஆட்டை அறுத்து, வீட்டுக்கு வந்து தீட்டிக்கொள்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு விற்றே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன். பெரிய முகாமுக்குக் கொடுத்ததும்தான் வெளியே வந்தது.

அவர் போனிலேயே சொன்னார். போய்ப் பாருங்கள் என்று.

டிசம்பர் 7, சனி

சந்தையில் எழுந்து நின்று சொன்னேன். அபூ ஜாசிம் மேல் தப்பில்லை, மணல்தான், மணலில் குத்தாதீர்கள்.

ஸுவைலிம்தான் முதலில் வாயைத் திறந்தான். "கிழவன் என்ன குடுத்தான் உம்மு முத்லக்? போன மாசம் திருடன், இந்த மாசம் மகானா?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து மணல்லதான் குத்தறோம்" என்றார் ஒரு பெரியவர். "மணலுக்குப் பயப்படற கத்தியை இந்த ஊர்ல எவன் வாங்குவான்?"

திட்டினபோது ஒரு மதியம் போதுமாயிருந்தது. இன்று தொண்டை கட்டும் வரை பேசியும் ஒருவர் மனமும் அசையவில்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

ஹுஃபூஃப். ஐந்து மணி நேரம் ஓட்டினேன். அபூ ஜாசிம் பட்டறையில் பேரீச்சை மரம் கழிக்கிற அரிவாள் அடித்துக்கொண்டிருந்தார். கத்தி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன், முற்றத்தில் நான் குத்தியது உட்பட. சுத்தியலைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"ஹஃபர்லருந்து ஒரு வேலையும் வரலைங்க. ரியாத்லயும் கேள்விப்பட்டிருக்காங்க. தோட்டக்காரங்களுக்கு இந்தப் பேச்சு எட்டலை, அதனால அரிவாள் அடிக்கிறேன்."

"எனக்கு முப்பது கத்தி அடிச்சுக் குடுங்க. நான் வித்துக் காட்டறேன்."

"வேண்டாங்க."

"கோபமா?"

"கோபம் இல்ல. நாளைக்கு இன்னொண்ணு மழுங்கினா நீங்க யாரைச் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தோட இரும்பு அடிக்க வராது."

பேரீச்சம்பழமும் காபியும் கொடுத்தார். கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டேன்: என் மூலமாக இல்லாமல் யாராவது நேரே வந்தால் அடித்துக் கொடுப்பீர்களா? "வர்றவங்களைப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

டிசம்பர் 14, சனி

ஸுவைலிமின் கடையில் கூட்டம். என் கடையில் கூடார முளைகளும் கெட்டில்களும் மட்டும்.

டிசம்பர் 19, வியாழன்

மனாஹி வந்தான். அவன் பிடிவாதக்காரன், ஆனால் முட்டாள் இல்லை. பத்து நாளாக ஈரத் துணி வைத்துத் துடைத்துப் பார்த்தானாம்.

"நீ சொன்னது சரிதான் போலிருக்கு. எட்டு கத்தி வேணும். அந்தக் கிழவனோடது."

ஒரு வியாபாரி தன் பெண்டு பிள்ளைக்குக்கூடச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது. பதினோரு வருஷமாக இந்தச் சந்தையில் அவர் பேரைத்தான் தெரியும், பட்டறை எந்தத் தெரு என்று ஒருவருக்கும் தெரியாது. வேலை கொடுத்தவர்களும் என் வழியாகத்தான் கொடுத்தார்கள்.

ஒரு துண்டுக் காகிதத்தில் தெருவை எழுதினேன், எந்தப் பள்ளிவாசலுக்குப் பின்னால் என்று எழுதினேன், போன் நம்பரையும் எழுதினேன். என் பேரைச் சொல்ல வேண்டாம், முகாமில் அறுக்கிறவன் நீ என்று மட்டும் சொல் என்றேன்.

மனாஹி காகிதத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"இதுல உனக்கு என்ன வருது?"

"ஒண்ணும் இல்ல."

"உம்மு முத்லக், உன்னை எனக்குத் தெரியாதா? என்னமோ இருக்கு."

வண்டியில் ஏறியும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். பார்க்கட்டும். ஹுஃபூஃப் சாலைப் பக்கம்தான் வண்டியைத் திருப்பினான்.